பேரம் பேசாத மனுஷன்

"ஐயாயிரம்" என்றார் கௌஸ் பாஷா.

"சரி" என்றான் வந்தவன்.

அவ்வளவுதான். அந்த ஒரு "சரி" கௌஸ் பாஷாவைத் தூக்கிவாரிப் போட்டது. ஓசூர் பாகலூர் ரோட்டில் பழைய சாமான் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன விலைக்கு ஒரு ஜீவன் "சரி" என்று சொன்னது கிடையாது. நூறு என்றால் நாற்பது என்பார்கள். போனால் போகிறது என்று நாற்பதுக்கு இறங்கினால் முப்பது என்பார்கள். சொந்த மாமனாரே ஒரு டேபிள் ஃபேனுக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் ஒயர் பத்தவில்லை என்று இன்னும் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டு போன மனுஷன். இப்போது ஐயாயிரம் என்று வாயைத் திறந்ததே எண்ணூறில் வந்து நிற்கலாம் என்ற கணக்கில்தான்.

வந்தவன் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டான்.

"ஸ்கேனர் எங்க சார்?"

கௌஸ் பாஷா அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். முப்பது வயசு இருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை. ரோட்டோரம் கர்நாடகா நம்பர் போட்ட வெள்ளைக் கார், அதுவும் லேசுப்பட்ட கார் இல்லை. இப்பேர்ப்பட்ட காரில் வருகிறவன் இந்தக் கடைக்குள் எதற்கு நுழைகிறான்? நுழைந்தவன் மிக்ஸி இருக்க, கிரைண்டர் இருக்க, நேராக இந்தத் துப்பாக்கியை நோக்கி எதற்குக் கையைக் காட்டுகிறான்?

ஆமாம், துப்பாக்கிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தளி ரோட்டில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, மொத்தச் சாமானையும் எடை போட்டு வாங்கியதில் சேர்ந்து வந்தது. ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம். மரக் கைப்பிடி, பித்தளை உடம்பு, ஆறு குண்டு போடுகிற உருளை. முதுகில் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்து ஒரு வரி. குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: இடது பக்க வயிற்றில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. அது வழியாக உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் கொக்கியும் எல்லாருக்கும் தெரியும். கன்னங்கரேலென்று கறுத்துப்போய் கடையில் கிடந்த அதை இதுநாள் வரை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் கௌஸ் பாஷா.

"இப்பத்தான சார் ஐயாயிரம்னு சொன்னீங்க?"

"விலை சொன்னேன். விக்கிறேன்னு எங்க சொன்னேன்?"

அவன் திருதிருவென்று முழித்தான். "அப்ப வேற ஏதாவது குடுங்களேன் சார்..."

'ஆகா, துப்பாக்கி மேல ஆசை இல்லாத மாதிரி நடிக்கிறான்' என்று கௌஸ் பாஷாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கடை சாத்தற நேரமுங்க" என்றார். அப்போது காலை பதினொரு மணி.

அவன் காருக்குப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டான். "தரமாட்டேங்குறாருங்க" என்பது மட்டும் காற்றில் வந்தது. மரியாதையான பேச்சு. அப்படியென்றால் பின்னால் பெரிய பார்ட்டி யாரோ இருக்கிறார்கள். பெங்களூரு பார்ட்டியாகத்தான் இருக்கும்.

கௌஸ் பாஷா துப்பாக்கியை எடுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஒன்றரை மாதமாகக் கடையில் போணியே இல்லை. பழைய சாமானை எவன் வாங்குகிறான், அவனவன் தவணையில் புதுசு வாங்குகிறான். போன வாரம் மனைவியின் தம்பி ஃபிர்தௌஸ் வந்து, "மச்சான், கடைய மூடிட்டு வாங்க. கம்பெனி கேட்ல செக்யூரிட்டி வேலை பார்த்து வச்சிட்டேன். ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணிடுங்க" என்று யூனிஃபார்மையே கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நீலச் சட்டை, தொப்பி, கயிறு கட்டிய விசில். ஒன்றாம் தேதி வருகிற திங்கட்கிழமை. ஐம்பத்திரண்டு வயசில், சொந்தக் கடைக்கு முதலாளியாக உட்கார்ந்தவர், உள்ளே போகிற லாரிக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அல்லா பார்த்து இந்தத் துப்பாக்கிக்கு ஒரு "சரி"யை அனுப்பியிருக்கிறான்.

பக்கத்துக் கடை மாரிசாமி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். முன்பு ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் குறையைத்தான் பார்ப்பார். கௌஸ் பாஷா யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணி, பத்து நிமிஷம்கூடத் தாங்காமல் அவரிடம் போய்ச் சொன்னார்.

மாரிசாமி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், பேரமே பேசலையா?"

"ஒரு வார்த்தை பேசல. சரின்னுட்டான்."

"இவ்ளோ பெரிய டிஃபெக்ட்ட வயித்துல வச்சிக்கினே அஞ்சாயிரம்னா, இந்த டிஃபெக்ட் இல்லைன்னா என்னா ஆவும்?"

கௌஸ் பாஷாவுக்குப் புல்லரித்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"ரிஜெக்ட் பீஸ ரீவொர்க் பண்ணி பாஸ் பண்றதுதான் பாய் நம்ம ஊர்ல வேலையே. நாளைக்குக் காத்தால கொண்டாங்க. ஓட்டை இருந்த இடம் தெரியாம பண்ணிக் குடுக்கறேன்."

"எவ்ளோ ஆவும்?"

"உங்ககிட்ட காசு வாங்குவனா? சும்மா பண்றேன்."

சும்மாவா? கௌஸ் பாஷா சந்தேகத்தோடு வீட்டுக்குப் போனார். மாரிசாமி போன மாசம் ஒரு கதவுக் கீலுக்கு முப்பது ரூபாய் வாங்கின மனுஷன்.

வீட்டில் ஷரீஃபுன்னிசா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். ரோஜாப்பூ ஏற்றுமதி பண்ணுகிற கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கை முழுக்க முள் கீறல். சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஷரீஃபா, இன்னிக்கு ஒருத்தன் வந்தான். கார்ல. அந்தப் பழைய துப்பாக்கிக்கு ஐயாயிரம்னேன். பேரம் பேசாம சரின்னுட்டான்!"

அவளுக்குப் புரை ஏறியது. தலையைத் தட்டிக்கொண்டு, "குடுத்துட வேண்டியதுதானங்க?" என்றாள்.

"குடுக்கவா? பேரம் பேசாம வாங்கறான்னா அது என்னா பெறும்? லட்சம் பெறும்!"

"லட்சமும் வேணாம், கோடியும் வேணாம். திரும்ப வந்தா குடுத்துடுங்க. ஒரு வியாபாரம் ஆன மாதிரி இருக்கும்."

"நீ ஏன் இவ்ளோ அவசரப்படுற?"

"நான் எங்க அவசரப்பட்டேன்?" என்று அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கௌஸ் பாஷா ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் இதைச் செய்கிறார்களோ? கடையில் இருப்பதை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தன்னைக் கேட்டில் நிறுத்திவிட வேண்டும் என்று? கட்டின பெண்டாட்டியையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை மாரிசாமி சொன்னதைச் செய்தார். சொன்னதற்கு மேலேயும் செய்தார். அதுதான் வினை.

பித்தளைத் தகடு வெட்டி ஓட்டையை மூடினார். ஒட்டு தெரியக் கூடாது என்று கிரைண்டரில் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று இருந்து மற்ற இடம் கறுப்பாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, முழுத் துப்பாக்கியையும் பாலிஷ் போடும் பஃபிங் மெஷினில் பிடித்து மஞ்சளாக்கினார். முதுகில் இருந்த எழுத்து அதோடு போனது. குழாய் துருப்பிடித்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டிரில் போட்டார். ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் டிரில் பிட்டின் நுனி உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டது.

"அடைப்பு ரொம்ப கெட்டி பாய். வுட்டுட்டேன். ஆனா விசைய சரி பண்ணிட்டேன், பாருங்க."

விசையை இழுத்தார். 'டிக்' என்று அடித்தது. கௌஸ் பாஷா இரண்டடி பின்னால் போனார். இரண்டு வருஷமாக நோஞ்சானாகக் கிடந்தது, இப்போது கல்யாண மாப்பிள்ளையாட்டம் ஜொலித்துக்கொண்டு நிஜத் துப்பாக்கியாகவே ஆகிவிட்டது.

"இப்ப பாஸ்" என்றார் மாரிசாமி.

மத்தியானம் அதே வெள்ளைக் கார் வந்து நின்றது. கௌஸ் பாஷாவின் வாயெல்லாம் பல்.

அவன் இறங்கி வந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி மளமளவென்று சொன்னான். "சார், நேத்து நீங்க சொன்ன விலை ரொம்ப ஜாஸ்தி. ஐயாயிரமெல்லாம் முடியாது. மூவாயிரம்னா பாக்கலாம். அதுல ஓட்டை வேற இருக்குது."

கௌஸ் பாஷாவுக்கு முகம் மாறியது. நேற்று பேரம் பேசாதவன் இன்று பேசுகிறான்! பேரம் பேசாததால்தான் தனக்குச் சந்தேகம் வந்தது என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது? அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று ஷரீஃபா. இன்னொன்று, காசே வாங்காமல் காலையிலிருந்து கஷ்டப்பட்ட மாரிசாமி.

'அட மாரிசாமி, கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே' என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எந்த ஓட்டை?" என்று துண்டை விலக்கிக் காட்டினார்.

வந்தவன் குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். "ஓட்டை எங்க சார்?"

"ஓட்டையச் சொல்லி விலைய அடிக்கலாம்னு பாத்தியா? அம்பதாயிரம். ஒரு பைசா குறையாது."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். கௌஸ் பாஷா சட்டென்று துண்டைப் போட்டு மூடினார். அவன் காருக்குப் போய், மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு போன் பேசினான். இந்தத் தடவை நிறைய நேரம் பேசினான்.

இனிமேல் தாங்காது என்று கௌஸ் பாஷாவுக்குப் பட்டது. இது என்ன துப்பாக்கி, என்ன விலை என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் யாரைத் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு மாரிசாமியிடமேதான் கேட்க வேண்டியிருந்தது.

"கிருஷ்ணகிரில ஒரு மேடம் இருக்காங்க பாய். மாதேஸ்வரின்னு. காலேஜ்ல சரித்திரப் பாடம். பழைய வாள், பீரங்கின்னா உசிரு. அவுங்க வூட்டு கேட் நான் அடிச்சதுதான்."

"கேட் பெருசா?"

"ரொம்ப பெருசு. கம்பி எல்லாம் டபுள்."

அவ்வளவு பெரிய கேட் எதற்கு? உள்ளே என்னவோ இருக்கிறது. எப்படியிருந்தாலும் அந்த அம்மாள் சொல்கிற விலையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை காலை கௌஸ் பாஷா துப்பாக்கியை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மேலே நாலு வர்க்கியை அடுக்கி, கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை, குந்தாரப்பள்ளி சந்தை நாள் என்பது அவருக்கு நினைவில்லை. தேர்தல் நேரம் என்பதும் நினைவில்லை. குந்தாரப்பள்ளிக்கு முன்னால் பறக்கும் படை பஸ்ஸை நிறுத்தியபோது, ஆடு வாங்க வந்த வியாபாரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கௌஸ் பாஷா மட்டும் பிஸ்கட் டின்னைத் தொட்டுப் பார்த்தார். அதிகாரி நேராக அவரிடம்தான் வந்தார்.

"டின்னுல என்னா?"

"வர்க்கி சார்."

"திறங்க."

நாலு வர்க்கியை எடுத்ததும் கீழே மஞ்சளாக மின்னியது. பஸ்ஸில் பாதிப் பேர் பின் வாசல் வழியாக இறங்கிவிட்டார்கள்.

ரோட்டோரம் போட்டிருந்த ஷாமியானாவுக்குள் கௌஸ் பாஷாவை உட்கார வைத்தார்கள். ஒரு தாசில்தார் பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஓர் ஏட்டு. எதிரே ஒரு வீடியோகாரர், எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, டின்ன கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது என்னா?" என்றார் தாசில்தார்.

"துப்பாக்கி சார். ஆனா துப்பாக்கி இல்ல சார்."

"லைசென்ஸ் இருக்கா?"

"சுடறதுக்கு இல்ல சார் இது. பழங்காலத்துப் பொருள். ரொம்ப அபூர்வம்."

"அபூர்வமா? எவ்ளோ பெறும்?"

கௌஸ் பாஷா பெருமையாக, "லட்சக்கணக்குல..." என்று ஆரம்பித்தார். தாசில்தார் உடனே ஒரு ஃபாரத்தை எடுத்தார். "பத்தாயிரத்துக்கு மேல பெறுற பொருளுன்னா பில் வேணும். எங்க பில்லு?"

"இல்ல சார், இல்ல சார்! ஒண்ணும் பெறாது. முந்நூறு ரூபா பெறும், அவ்ளோதான்."

"முந்நூறு ரூபாயா?" என்று ஏட்டு எழுந்து நின்றார். "முந்நூறு ரூபாய்க்கு விக்கிற துப்பாக்கின்னா அது கள்ளத்துப்பாக்கியேதான் சார். யோவ், நாட்றாம்பாளையம் காட்டுலயிருந்தா கொண்டு வர்ற? காட்டுப் பன்னி சுடறதுக்கா?"

கௌஸ் பாஷா தலையிலிருந்த தொழுகைத் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். "சார், என்னைப் பாத்தா பன்னி சுடற ஆளாட்டமா தெரியுது?"

வீடியோகாரர் சிரித்துவிட்டார். படம் ஆடிவிட்டது என்று மறுபடி சொல்லச் சொன்னார்.

லட்சம் என்றால் பறிமுதல், முந்நூறு என்றால் ஜெயில். நடுவில் என்ன விலை சொன்னால் வீட்டுக்கு விடுவார்கள் என்று கௌஸ் பாஷா மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளுக்கு விலை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் மாரிசாமி குறித்துக் கொடுத்த மாதேஸ்வரியின் நம்பரை எடுத்து நீட்டினார். "இந்த மேடத்தக் கேளுங்க சார். அவுங்களுக்குத்தான் காட்டப் போனேன்."

முக்கால் மணி நேரத்தில் மாதேஸ்வரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் துப்பாக்கியைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சார், முதல்ல இதோட குழாயைப் பாருங்க" என்றார்.

ஏட்டு ஒரு குடைக் கம்பியை உள்ளே விட்டார். ஓர் அங்குலம் போய் நின்றுவிட்டது.

"உள்ள துளையே கிடையாது. முழுக் கம்பி. இது சுடவே சுடாது. நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி துப்பாக்கி விக்கிற ஏஜென்ட்டுங்க ஜமீன்தாருக்கும் மகாராஜாவுக்கும் காட்டறதுக்குன்னு கொண்டு வந்த சாம்பிள் இது. உலகத்துலயே விரல் விட்டு எண்ணலாம்."

தாசில்தார் ஃபாரத்தை மூடினார். கௌஸ் பாஷாவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்த வேகத்தில், "மேடம், என்னா விலை போகும்?" என்று கேட்டும்விட்டார்.

"அதான் குழப்பமா இருக்கு" என்றார் மாதேஸ்வரி. "இந்த மாதிரிப் பொருள்ல ஒரு பக்கம் வயித்த வெட்டித் திறந்து வச்சிருப்பாங்க. உள்ள மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு வாங்கறவங்க பாக்கணும் இல்ல? அந்தத் திறப்பு இதுல இல்லையே."

கௌஸ் பாஷா விரலால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். "சதுரமா இருக்குமா மேடம்? தீப்பெட்டி சைஸ்ல?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்துதான் மூடினேன்."

மாதேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினார். "மேல கம்பெனி பேரு எழுதியிருக்குமே?"

"பாலிஷ்ல போயிடுச்சு."

"கறுப்பா, பழசா ஒரு பூச்சு?"

"அதுவுந்தான். மாரிசாமி நல்லா தேச்சுட்டாரு மேடம். காசுகூட வாங்கல."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வந்தது வந்தபடி இருந்திருந்தா ஏலத்துல ஏழு லட்சம் போயிருக்கும்" என்றார்.

"யா அல்லா! மேடம், திரும்ப வெட்டிடலாமா? மாரிசாமி அரை மணி நேரத்துல வெட்டிக் குடுப்பாரு!"

"செஞ்சவங்க வெட்டினா அது மாடல். நீங்க வெட்டினா அது ஓட்டை."

தாசில்தார் வெள்ளைத் தாளில், 'சுட இயலாத அலங்காரப் பொருள், தோராய மதிப்பு ரூபாய் முந்நூறு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, டின்னோடு திருப்பிக் கொடுத்தார். வர்க்கியை மட்டும் யாரோ சாப்பிட்டிருந்தார்கள்.

ஓசூர் வந்து சேரும்வரை கௌஸ் பாஷா யாரையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படக்கூடத் தெம்பில்லை. ஏழு லட்சம் இரண்டு வருஷமாகத் தன் கடையில் சும்மா கிடந்தது. அதை அஞ்சாயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஒருத்தன் வந்தான், ஏமாறாமல் தப்பித்தோம் என்று குதித்தார். கடைசியில் தப்பித்தவர் அவனிடமிருந்துதான். தன்னிடமிருந்து தப்பிக்க முடியவில்லை. கௌஸ் பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். திங்கட்கிழமை நீலச் சட்டை. போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வந்தால், வாசலில் வெள்ளைக் கார் நிற்கிறது. அவன் பழைய கிரைண்டர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் எழுந்தான்.

"எங்க சார் போயிட்டீங்க? மத்தியானத்துல இருந்து நிக்கறேன்."

கௌஸ் பாஷா டின்னை அவன் கையில் வைத்தார். மேலே தாசில்தார் சீல் குத்திய தாளையும் வைத்தார்.

"எடுத்துக்கப்பா. முந்நூறு ரூபா. கவர்மெண்டே போட்ட விலை."

"சார்?"

"நீ கெட்டிக்காரன்பா. நான்தான் மடையன். ஓட்டையோட இருந்தா ஏழு லட்சம்னு உனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்குது. அதனாலதான் பேரம் பேசாம சரின்ன. இப்ப எல்லாம் போச்சு, இனி மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. உன்னை அனுப்பின பெரிய பார்ட்டி யாரு?"

அவன் டின்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், கௌஸ் பாஷாவைப் பார்த்தான். "ஏழு லட்சமா?" என்றான். மறுபடி கிரைண்டர் கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்னால இதுக்கு மேல நடிக்க முடியாது சார். என் பேரு சந்தோஷ். ரோஜாப்பூ கம்பெனில முதலாளிக்குக் கார் ஓட்டறேன். மூணு நாளா பொய் சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு வர்றேன். எனக்குத் துப்பாக்கியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. உள்ள வந்ததும் கண்ணுல பட்டதக் கைய காட்டினேன், அவ்ளோதான்."

"அப்ப யாருதான்டா உன்னை அனுப்பினது?"

"பேக்கிங்ல இருக்கற ஷரீஃபா அக்கா சார், அவுங்கதான் சம்பளத்துல இருந்து அஞ்சாயிரம் எடுத்துக் குடுத்து, 'எங்க வூட்டுக்காரரு கடையில எதையாவது ஒண்ணு வாங்கு, பேரம் மட்டும் பேசிடாத, பாவம் மனசு வுட்டுடுவாரு, வாங்கினத அப்புடியே எங்கிட்ட கொண்டாந்து குடுத்துடு, தொடைக்காம தொடாம பீரோவுல பத்திரமா வச்சிக்கிறேன்'னாங்க."